ஆர்க்கிளா, ரெட் ரம்மா, டெசர்ட் ஆர்க்கிட்டா? ரசிகர்கள் மறக்காத தடை தாண்டும் குதிரைகள்

கேள்வி இதுதான்: இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பந்தய ரசிகர்கள் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்பு ஓடிய தடை தாண்டும் குதிரைகளைப் பற்றி இன்னமும் வீட்டுப் பிள்ளையைப் பேசுவது மாதிரிப் பேசுகிறார்களே, அவர்களுக்கு மிகவும் பிடித்த குதிரை எது? ஏன் இவ்வளவு பாசம்?

முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ரேசிங் போஸ்ட் நாளிதழ் தன் வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது ஆர்க்கிள் முதலிடம் பிடித்தது. இரண்டாவது டெசர்ட் ஆர்க்கிட், மூன்றாவது ரெட் ரம். மூன்றுமே தடை தாண்டும் குதிரைகள். பல கோடிக்கு விலை போன, டெர்பி வென்ற குதிரைகளெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் வந்தன. ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிண்டி, ஊட்டி என்று நமக்குப் பழகிய பந்தயம் சமதளப் பந்தயம். தடை எதுவும் கிடையாது, குதிரை நேராக ஓடும். ஐரோப்பாவில் அந்த வகைப் பந்தயத்தில் ஒரு நல்ல ஆண் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்கும்; மூன்று வயதில் பெரிய பந்தயத்தை ஜெயித்துவிட்டால் உடனே இனப்பெருக்கப் பண்ணைக்குப் போய்விடும். அங்கே கிடைக்கும் பணம் பரிசுத் தொகையைவிடப் பல மடங்கு. ரசிகன் அதன் பெயரை மனத்தில் பதிய வைப்பதற்குள் அது ஓய்வு பெற்றிருக்கும்.

தடை தாண்டும் குதிரைகளில் பெரும்பாலானவை காயடித்த குதிரைகள். குட்டி ஈனச் செய்து பணம் பண்ண வழியில்லை என்பதால் அவற்றைச் சீக்கிரம் நிறுத்த யாருக்கும் காரணம் இருக்காது. நாலைந்து வயதில் முதலில் ஹர்டில் எனும் தாழ்வான தடைகள், அப்புறம் ஸ்டீபிள்சேஸ் எனும் உயரமான வேலிகள் என்று படிப்படியாகப் போய், பத்து, பதினொன்று, சில சமயம் பன்னிரண்டு வயது வரை ஓடும். ஒவ்வொரு டிசம்பரும் கெம்ப்டன், ஒவ்வொரு மார்ச்சும் செல்டன்ஹாம், ஒவ்வொரு ஏப்ரலும் லிவர்பூலின் எய்ன்ட்ரீ என்று அதே குதிரை அதே இடத்துக்கு வந்து நிற்கும். போன வருடம் விழுந்த குதிரை, கால் வீங்கி ஒரு வருடம் ஓடாமல் இருந்த குதிரை, வயதாகிவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட குதிரை மறுபடி வந்து நிற்கும். இந்தப் பாசத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் திடமான எண்ணம்.

சரி, ஆர்க்கிளிலிருந்து தொடங்குவோம்.

1957இல் அயர்லாந்தில் பிறந்தது. 1960இல் டப்ளின் ஏலத்தில் 1,150 கினிக்கு (கினி என்பது பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டி ஆன் அதை வாங்கினார். ஸ்காட்லாந்தின் சதர்லாந்தில் அவருடைய நிலத்துக்கு அருகில் இருந்த ஒரு மலையின் பெயர் ஆர்க்கிள். அதையே குதிரைக்கு வைத்தார். (பக்கத்து மலையின் பெயரை இன்னொரு குதிரைக்கு வைத்தார்: ஃபோய்னவான். ஆர்க்கிளின் லாயத்திலேயே வளர்ந்து, தேறாது என்று விற்கப்பட்ட அந்தக் குதிரை, 1967 கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் முன்னால் போன குதிரைகளெல்லாம் ஒரே வேலியில் ஒன்றன்மேல் ஒன்று முட்டி நின்றபோது, பின்னாலிருந்து நிதானமாக வந்து தாண்டி ஒன்று கட்டினால் நூறு கிடைக்கும் என்ற பந்தயக் கணக்கில், யாரும் நம்பாத குதிரையாக ஜெயித்தது. இன்று அந்த வேலிக்கே ஃபோய்னவான் என்று பெயர்.) ஆர்க்கிளின் பயிற்சியாளர் டாம் ட்ரீப்பர், ஜாக்கி பேட் டாஃப்.

அப்போது இங்கிலாந்தில் மில் ஹவுஸ் என்று ஒரு பிரம்மாண்டமான குதிரை இருந்தது. 'பெரிய குதிரை' என்றுதான் அதைக் கூப்பிடுவார்கள். ஸ்டீபிள்சேஸ் குதிரைகளுக்கான பெரிய பந்தயமான செல்டன்ஹாம் கோல்டு கப் 1963இல் அதற்குத்தான். அதே ஆண்டு நவம்பரில் நியூபரியில் நடந்த ஹென்னெஸி பந்தயத்தில் இரண்டும் மோதின. ஆர்க்கிள் ஒரு பள்ள வேலியைத் தாண்டி இறங்கும்போது வழுக்கி வேகம் இழந்தது. மில் ஹவுஸ் ஜெயித்தது. வழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று குளிர்காலம் முழுக்க இரண்டு நாட்டிலும் வாக்குவாதம். 1964 மார்ச்சில் கோல்டு கப்பில் அதற்கு விடை கிடைத்தது. மொத்தமே நான்கு குதிரைகள்தான். கடைசி வேலிக்கு முன்பே ஆர்க்கிள் முந்தி, ஐந்து குதிரை நீளத்தில் ஜெயித்தது. 1965இல் அதே மில் ஹவுஸை இருபது நீளத்தில் வென்றது. 1966இல் முப்பது நீளம். அந்த மூன்றாவது கோல்டு கப்பில், பார்வையாளர் மேடைக்கு எதிரே இருந்த வேலியைக் கவனிக்காமல் நெஞ்சாலேயே மோதிக்கொண்டு போனது. வேறு எந்தக் குதிரையும் விழுந்திருக்கும். ஆர்க்கிள் நடையைக்கூட மாற்றவில்லை.

ஆனால் கோல்டு கப்பை வைத்து மட்டும் ஆர்க்கிளை அளந்தால் பாதிதான் புரியும். அதில் எல்லாக் குதிரையும் ஒரே எடையைச் சுமக்கும். ஹேண்டிகேப் பந்தயத்தில் அப்படி இல்லை. பலமான குதிரையின் முதுகில் எடையைக் கூட்டி, பலவீனமானதற்குக் குறைத்து, எல்லாவற்றையும் சமமாக்கப் பார்ப்பார்கள். ஆர்க்கிளுக்கு அடிக்கடி 12 ஸ்டோனுக்கு மேல், அதாவது சுமார் 76 கிலோவுக்கு மேல் ஏற்றினார்கள். எதிரிகள் இரண்டு, இரண்டரை ஸ்டோன் குறைவாகச் சுமந்து ஓடினார்கள். அப்படியும் 1964இல் ஐரிஷ் கிராண்ட் நேஷனலை ஜெயித்தது. ஹென்னெஸியை இரண்டு முறை ஜெயித்தது. 1965 நவம்பரில் சாண்டவுனில் மில் ஹவுஸைவிட 16 பவுண்டு அதிகம் சுமந்தும் அதைத் தோற்கடித்து, அந்த மைதானச் சாதனையை 17 வினாடி வித்தியாசத்தில் முறியடித்தது. 1966 ஹென்னெஸியில் 35 பவுண்டு குறைவாகச் சுமந்த ஒரு குதிரையிடம் அரை நீளத்தில் தோற்றது. அந்தத் தோல்வியைச் சிலர் அதன் வெற்றிகளுக்கு மேலே வைக்கிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். கடைசியில் அயர்லாந்தில் விதியையே மாற்ற வேண்டியிருந்தது: ஆர்க்கிள் ஓடினால் ஒரு எடைப் பட்டியல், ஓடாவிட்டால் வேறொரு பட்டியல் என்று இரண்டு தயாரித்தார்கள். பந்தயக் குதிரைகளின் திறமைக்கு மதிப்பெண் போடும் டைம்ஃபார்ம் நிறுவனம் அதற்குக் கொடுத்தது 212. இன்று வரை வேறெந்த ஸ்டீபிள்சேஸ் குதிரையும் அதைத் தொடவில்லை. இத்தனைக்கும் இரண்டாமிடத்தில், 210 மதிப்பெண்ணோடு இருக்கும் ஃப்ளையிங்போல்ட் அதே காலத்தில் அதே ட்ரீப்பரின் லாயத்தில் இருந்த குதிரை!

1966 டிசம்பரில் கெம்ப்டனில் நடந்த கிங் ஜார்ஜ் பந்தயத்தின் நடுவே ஆர்க்கிளின் குளம்புக்குள் இருக்கும் எலும்பு உடைந்தது. உடைந்த காலோடு மீதி வேலிகளைத் தாண்டி, கடைசி வரை ஓடி, ஒரே ஒரு நீளத்தில் இரண்டாவதாக வந்தது. ஜெயித்த டோர்மன்ட் அதைவிட மிகக் குறைவாகச் சுமந்த குதிரை. கட்டுப்போட்ட காலோடு ஆர்க்கிள் கெம்ப்டன் லாயத்திலேயே வாரக்கணக்கில் இருந்தபோது, நலம் விசாரித்து அட்டைகளும் கடிதங்களும் குவிந்தன. அயர்லாந்தில் அதை 'ஹிம்செல்ஃப்' என்பார்கள், நம் ஊரில் வீட்டுப் பெரியவரை 'அவர்' என்று மட்டும் சொல்வது மாதிரி. அந்த ஒரு சொல்லையும் நாட்டின் பெயரையும் எழுதி அஞ்சலில் போட்டால் கடிதம் லாயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். ஆர்க்கிள் அதற்கப்புறம் ஓடவே இல்லை. 35 பந்தயங்களில் 27 வெற்றி. 1970இல் வலி தாங்க முடியாத நிலையில் கருணைக் கொலை செய்தார்கள். கில்டேரில் உள்ள ஐரிஷ் தேசியப் பண்ணையின் அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூடு நிற்கிறது.

ஆர்க்கிள் ஒரு பந்தயத்தில் மட்டும் ஓடவே இல்லை: கிராண்ட் நேஷனல். அந்த ஆபத்துக்கு அதை அனுப்ப சீமாட்டி சம்மதிக்கவில்லை. ரெட் ரம்மின் கதை முழுக்க அந்த ஒரே பந்தயத்தில்தான்.

எய்ன்ட்ரீயில் முப்பது வேலிகள், ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். பந்தயமே பார்க்காதவர்கள்கூட வருடத்தில் அந்த ஒரு நாள் தொலைக்காட்சி முன் உட்கார்வார்கள். ரெட் ரம் 1965இல் அயர்லாந்தில் பிறந்தது. பிறப்பைப் பார்த்தால் குறுந்தூரச் சமதளக் குதிரை. அதன் முதல் பந்தயமே ஐந்து ஃபர்லாங் சமதள ஓட்டம், அதுவும் எய்ன்ட்ரீயில்தான். பல கை மாறி, காலில் எலும்பு அழற்சியோடு 1972இல் ஜிஞ்சர் மெக்கெய்ன் என்ற பயிற்சியாளரிடம் வந்தது. 6,000 கினி விலை. மெக்கெய்ன் டாக்சி ஓட்டியவர், பழைய கார் வியாபாரி. சவுத்போர்ட்டில் கார் விற்கும் கடைக்குப் பின்னால்தான் அவருடைய லாயம். குதிரையை வாங்கிக் கொடுத்த முதலாளி நோயல் லே மேர், மெக்கெய்னின் டாக்சியில் ஏறிப் பழக்கமான முதியவர். சாவதற்குள் நேஷனலை ஜெயிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வாங்கி வந்த குதிரை முதல் ஓட்டத்திலேயே நொண்டியது. அதைக் கடலுக்குள் இறக்கி நடக்கவிட்டார்கள். வெளியே வந்தபோது நொண்டல் இல்லை. அன்றிலிருந்து சவுத்போர்ட் கடற்கரை மணலும் உப்புத் தண்ணீரும்தான் அதற்குப் பயிற்சிக் களம், மருந்து, எல்லாம்.

1973 நேஷனலை நான் எத்தனை முறை பதிவில் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கிறிஸ்ப் என்ற ஆஸ்திரேலியக் குதிரை, 12 ஸ்டோன் சுமையோடு, தொடக்கத்திலேயே முன்னால் போய்விட்டது. இரண்டாவது சுற்றில் மற்ற குதிரைகள் திரையிலேயே தெரியாத அளவுக்கு இடைவெளி. அப்படித் தாண்டிப் பறக்கும் குதிரையை வேறு எங்கும் பார்க்க முடியாது. ரெட் ரம் 23 பவுண்டு குறைவாகச் சுமந்து, தனியாகத் துரத்தி வந்தது. கடைசி வேலிக்கு அப்புறம் ஏறத்தாழ 450 மீட்டர் வெறும் ஓட்டம். அங்கே கிறிஸ்ப்பின் கால்கள் துவண்டன. ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் சவுக்கை எடுத்தார், குதிரை கோணிக்கொண்டு போனது; அது தன் தவறு என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பந்தயம் முடியும் வெற்றிக் கம்பத்துக்குச் சில அடி முன்னால் ரெட் ரம் முந்தியது. வித்தியாசம் முக்கால் நீளம். நேரம் 9 நிமிடம் 1.9 வினாடி, பழைய சாதனையைவிட ஏறக்குறைய 19 வினாடி குறைவு. அதாவது தோற்ற கிறிஸ்ப்பும் பழைய சாதனையை நொறுக்கியிருந்தது.

அன்று பலருக்கு ரெட் ரம் மேல் கோபம்கூட இருந்தது. கிறிஸ்ப்புக்காகத்தான் எல்லாரும் வருந்தினார்கள். ரெட் ரம் அந்த மனக்குறையைத் தீர்த்த விதம்தான் அழகு. 1974இல் அதே 12 ஸ்டோன் அதன் முதுகில் ஏறியது, ஜெயித்தது. 1975இல் இரண்டாவது. 1976இல் மறுபடி இரண்டாவது. 1977இல் அதற்குப் பன்னிரண்டு வயது. முடிந்தது கதை என்றார்கள். டாமி ஸ்டாக் ஏறி வந்து 25 நீளத்தில் ஜெயித்தார். நேஷனலை மூன்று முறை ஜெயித்த ஒரே குதிரை அதுதான். ஐந்து முறை ஓடி, ஒருமுறைகூட அந்த வேலிகளில் விழவில்லை. எய்ன்ட்ரீ மைதானத்தை விற்றுவிடலாம், வீடு கட்டிவிடலாம் என்ற பேச்சு ஓடிய வருடங்கள் அவை. மக்கள் அந்தப் பந்தயத்தைக் கைவிடாமல் இருந்ததில் இந்த ஒரு குதிரையின் பங்கு பெரியது.

அதே 1977 முடிவில் பிபிசியின் வருடாந்திர விளையாட்டு விருது நிகழ்ச்சிக்கு ரெட் ரம்மைக் கூட்டிவந்தார்கள். ஸ்டாக் அடிபட்டு வேறு இடத்தில் இருந்தார், ஒளிபரப்பில் பேசினார். அவர் குரலைக் கேட்டதும் குதிரை காதை நிமிர்த்தித் திரும்பியது. நாடே அதைப் பார்த்தது.

டெசர்ட் ஆர்க்கிட் மேல் வந்த காதலில் அதன் நிறத்துக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. சாம்பலாகத் தொடங்கி வயதாக ஆகப் பால் வெள்ளையாக மாறிய குதிரை. பழுப்புக் குதிரைகள் நடுவே, பந்தயம் தெரியாத குழந்தைகூட அதை அடையாளம் கண்டுகொள்ளும். அதோடு ஓடும் விதம்: முதலிலேயே முன்னால் போய், வேலிக்கு வெகு தூரத்திலிருந்தே எழும்பிப் பாயும். 1983இல் கெம்ப்டனில் ஓடிய முதல் ஹர்டில் பந்தயத்தில் கடைசித் தடையில் விழுந்து, நெடுநேரம் எழவில்லை. அதே கெம்ப்டனில் பின்னாளில் கிங் ஜார்ஜை நான்கு முறை ஜெயித்தது: 1986, 1988, 1989, 1990.

செல்டன்ஹாம் அதற்கு ஒத்துவராது. டெசர்ட் ஆர்க்கிட்டுக்கு வலப்பக்கம் வளையும் மைதானம்தான் பிடிக்கும். செல்டன்ஹாம் இடப்பக்கம் வளையும், கடைசியில் மேடு வேறு. 1989 கோல்டு கப் அன்று காலையில் மழையும் பனியும். தரை சேறு. பயிற்சியாளர் டேவிட் எல்ஸ்வர்த் இடத்தில் வேறொருவர் இருந்தால் குதிரையை நிறுத்தியிருப்பார். ஓடியது. சேற்றில் கொழிக்கும் யாஹூ என்ற குதிரை கடைசி வேலிகளில் முந்திவிட்டது. ஒரு வெள்ளைக் குதிரை, வயிறெல்லாம் சேறு, பிடிக்காத பக்கம், பிடிக்காத தரை. சைமன் ஷெர்வுட் குனிந்து விரட்ட, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு மேட்டில் ஒவ்வொரு அடியாகப் பிடித்து, ஒன்றரை நீளத்தில் ஜெயித்தது. ரேசிங் போஸ்ட் வாசகர்கள் பின்னர் அதை எல்லாக் காலத்துக்கும் சிறந்த பந்தயமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1991 டிசம்பரில் கிங் ஜார்ஜில் ஓடி, கடைசிக்கு முந்தைய வேலிகளில் ஒன்றில் விழுந்து, எழுந்து, ஜாக்கி இல்லாமல் கம்பத்தைத் தாண்டி ஓடி வந்தது. அதோடு ஓய்வு. 2006இல் 27 வயதில் இறந்தது, சாம்பல் கெம்ப்டனில்.

அடுத்த தலைமுறைக்கு இந்த மூன்றும் அப்பா, தாத்தா சொன்ன கதைகள். அவர்களுக்கு கோட்டோ ஸ்டாரும் டென்மனும். பயிற்சியாளர் பால் நிக்கல்ஸின் லாயத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகள். பிரான்சிலிருந்து வந்த கோட்டோ ஸ்டார் 2007இல் கோல்டு கப் ஜெயித்தது; 2008இல் பக்கத்து அறைக்காரன் டென்மன் அதைப் பிடுங்கிக்கொண்டது; 2009இல் கோட்டோ ஸ்டார் திருப்பி வாங்கியது. இழந்த கோல்டு கப்பை மீட்ட முதல் குதிரை அதுதான். 2010இல் மோசமாக விழுந்தது. 2011 வசந்தத்தில் ஒரு பந்தயத்தின் பாதியிலேயே அதை நிறுத்த வேண்டி வந்தபோது, ஓய்வு கொடுங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த நவம்பரில் ஹேடாக்கில், பதினொரு வயதில், கோல்டு கப் சாம்பியன் லாங் ரன்னைத் தோற்கடித்தது. டிசம்பரில் ஐந்தாவது கிங் ஜார்ஜ். ஆர்க்கிளின் 212க்கு எதிரே டைம்ஃபார்மில் இதற்கு 191தான். எனக்கு அது பொருட்டில்லை. இந்தப் பட்டியலில் என் குதிரை இதுதான்.

டான் ரன்னைச் சொல்லாமல் விட முடியாது. பெண் குதிரை. 1984இல் ஹர்டில் குதிரைகளுக்கான பெரிய பந்தயமான சாம்பியன் ஹர்டில், 1986இல் கோல்டு கப். இரண்டையும் ஜெயித்த குதிரை இன்று வரை அது ஒன்றுதான். கோல்டு கப்பில் கடைசி வேலியில் தோற்றுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள், மேட்டில் மீண்டது. ஜெயித்த ஜாக்கி ஜான்ஜோ ஓ'நீல், அந்தச் சவாரியைத் தன்னிடம் பறிகொடுத்த டோனி முலின்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டார். மூன்றே மாதத்தில் டான் ரன் பாரிஸின் ஒத்தேய் மைதானத்தில் விழுந்து இறந்தது. மூன்று கோல்டு கப் ஜெயித்த பெஸ்ட் மேட் 2005இல் எக்ஸிட்டர் மைதானத்திலேயே சரிந்தது.

இதைத் தாண்டிப் போகக் கூடாது. தடை தாண்டும் பந்தயத்தில் குதிரைகள் சாகின்றன. எய்ன்ட்ரீயில் வேலிகளின் உள்ளே இருந்த மரக்கட்டையை 2013இல் எடுத்து, வளைந்து கொடுக்கும் பொருளை வைத்தார்கள். 2024 முதல் ஓடும் குதிரைகளை 40இலிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். போதுமா என்பது இன்னும் சூடான விவாதம். என்னைக் கேட்டால் இன்னும் செய்ய வேண்டியது உண்டு. ரசிகர்கள் இதைத் தெரிந்துதான் பார்க்கிறார்கள். தங்கள் குதிரை ஓடும்போது ஜெயித்ததா என்பதற்கு முன், எழுந்து வந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

நீங்கள் புதிதாகப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் 1973 நேஷனலின் முழுப் பதிவிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் சுற்றில் கண்ணை கிறிஸ்ப் மேலேயே வையுங்கள். அடுத்து 1986, 1989 கோல்டு கப். அப்புறம் 1977 நேஷனலின் கடைசி இரண்டு நிமிடம்: கடைசி வேலியைத் தாண்டி ரெட் ரம் தனியாக வரும், கூட்டம் கத்துவதில் வர்ணனையே சரியாகக் கேட்காது. அது ஓடி முடிக்கும் கம்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1995இல் முப்பது வயதில் இறந்தபோது, அந்தக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.